தூசி அதிகமுள்ள வீட்டில் டெஸ்க்டாப் கணினி: அடைப்பதா, வடிகட்டுவதா?

கேட்கப்பட்டது சுருக்கமாக இது. சிங்கப்பூர் ஜூரோங் வெஸ்ட்டில் நான்காவது மாடி வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீடு. ஒரு பக்கம் விரைவுச்சாலை, இன்னொரு பக்கம் ஜூரோங் வட்டார ரயில் பாதைக்கான கட்டுமானம். வீட்டில் அம்மா காலையும் மாலையும் விளக்கேற்றி சாம்பிராணி போடுகிறார். கணினியை மாதாமாதம் திறந்து துடைத்தும் தூசி அடைகிறது, ஃபேன் சத்தம் கூடிக்கொண்டே போகிறது. கேசிங்கின் (கணினிப் பெட்டியின்) ஓட்டைகளை எல்லாம் அடைத்துவிடலாமா? வாட்டர் கூலிங் போட்டால் தொல்லை தீருமா?

இரண்டுமே வேண்டாம். கணினி இழுக்கும் மின்சாரம் முழுவதும் கடைசியில் சூடாகத்தான் வெளியே வருகிறது. கேம் ஓடும்போது 300 வாட் இழுக்கிறது என்றால் பெட்டிக்குள் 300 வாட் ஹீட்டர் இருப்பதாக எண்ணிக்கொள்ளுங்கள். நம் ஊரில் அறையே 30 டிகிரி. காற்றோட்டம் இல்லாமல் அந்தச் சூடு போக வழியே இல்லை. வாட்டர் கூலிங்கிலும் தண்ணீர் சூட்டைச் சுமந்துபோய் ரேடியேட்டரில் விடுகிறது. ரேடியேட்டரிலும் நெருக்கமான அலுமினியத் தகடுகள், அவற்றின்மேல் ஃபேன். தூசி அங்கே போய் உட்காரும், அவ்வளவுதான். பம்ப், குழாய் என்று கவனிக்கவேண்டிய பாகங்கள் கூடியதுதான் மிச்சம்.

காற்று உள்ளே வந்துதான் ஆகவேண்டும், காற்றோடு தூசியும் வரும். நம் கையில் இருப்பது அது எந்த வழியாக வரவேண்டும் என்பது மட்டும்தான். வருகிற காற்று அனைத்தும் கழற்றிக் கழுவக்கூடிய ஒரு வலை வழியாகவே வரும்படி செய்துவிட்டால் பாதிக்கு மேல் வேலை முடிந்தது. மாதம் ஒருமுறை பெட்டியைத் திறப்பதற்குப் பதில், ஒரு வலையை உருவி குழாயில் காட்டினால் போதும்.

முதலில் உங்கள் வீட்டுத் தூசியில் என்ன இருக்கிறது என்று பார்க்கவேண்டும். சாலையும் கட்டுமானமும்தான் காரணம் என்று பெரும்பாலோர் நினைக்கிறார்கள். ஆனால் கேசிங்குக்குள் சாம்பல் நிறத்தில் கம்பளிபோலப் படிந்திருப்பதைக் கிள்ளி எடுத்து வெளிச்சத்தில் பாருங்கள்: அதில் அதிகம் இருப்பது துணி நூலும் முடியும் தோல் செதிலும்தான். படுக்கை விரிப்பு, துண்டு, பஞ்சுத் தலையணை, காய்ந்த துணியை உதறி மடிப்பது, இவைதான் அதன் ஊற்று. சாலையிலிருந்து வருவது நுண்ணிய கரி. கட்டுமானத்திலிருந்து வருவது மணலும் சிமெண்டும். சமையலறையிலிருந்து எண்ணெய் ஆவி, சாமி மேடையிலிருந்து சாம்பிராணி, கற்பூரப் புகைக் கரி.

இவற்றின் குணம் ஒன்றல்ல. சாம்பிராணி, ஊதுபத்திப் புகைத் துகள் பெரும்பாலும் ஒரு மைக்ரானுக்கும் கீழே. கேசிங்கில் வரும் வலையின் கண்ணோ கால் மில்லிமீட்டர், அரை மில்லிமீட்டர். அதாவது 250, 500 மைக்ரான். புகைக்கு அந்த வலை ஒரு தடையே இல்லை. ஆனால் நூலும் முடியும் நீளமானவை, வலையில் சிக்கிவிடும். நமக்கு அது போதும். ஹீட்சிங்கை, அதாவது சூட்டை வெளியேற்றும் தகடுகளின் அடுக்கை, அடைப்பது நூல்தான். முதலில் நூல் பின்னி ஒரு மெத்தை உண்டாகிறது, பிறகுதான் நுண்துகள் அதில் வந்து ஒட்டுகிறது. நூல் இல்லாவிட்டால் நுண்துகளில் பெரும்பகுதி தகடுகளுக்கு நடுவே புகுந்து பின்பக்கம் வெளியேறிவிடும். எண்ணெய்ப் பிசுக்கு இருந்தால் மட்டும் கதை வேறு. அதைப் பின்னால் சொல்கிறேன்.

மாதாமாதம் துடைத்தும் சத்தம் குறையவில்லை என்கிறீர்களே, அதற்கான காரணம் அநேகமாக நீங்கள் துடைக்காத ஓரிடத்தில் இருக்கிறது. கேசிங்கின் அடித்தளத்தையும் ஃபேன் இறக்கைகளையும் துடைத்திருப்பீர்கள். பிராசசர் மேலுள்ள கூலரில் ஃபேனுக்கும் தகடுகளுக்கும் நடுவே என்ன இருக்கிறது என்று ஃபேன் மாட்டியிருக்கும்வரை தெரியாது. கிளிப்பைத் தள்ளி ஃபேனை எடுத்துப் பாருங்கள். பல வீட்டுக் கணினிகளில் நான் பார்ப்பது ஒரே காட்சி: தகடுகளின் முகப்பில் அட்டைபோல ஒரு படலம், நகத்தால் ஓரத்தைக் கிளப்பினால் ஒரே துண்டாக உரிந்து வரும். அதற்குப் பின்னால் தகடுகள் புதிதுபோலப் பளபளக்கும். வெளியே இருந்து புளோவர் அடித்தபோதெல்லாம் காற்று அந்தப் படலத்தைத் தகடுகளுக்குள் இன்னும் இறுக்கித்தான் வைத்திருக்கும். ஆகவே காற்றடிப்பதாக இருந்தால் ஃபேனைக் கழற்றிவிட்டு, எதிர்ப்பக்கத்திலிருந்து, அதாவது காற்று வழக்கமாக வெளியேறும் பக்கத்திலிருந்து, ஃபேன் இருந்த பக்கம் நோக்கி அடிக்கவேண்டும். சத்தம் கூடியதன் காரணமும் இந்தப் படலமாகவே இருக்கக்கூடும்: சூடு போகாததால் ஃபேன் வேகமாகச் சுற்றுகிறது, வேகமாகச் சுற்றுவதால் இன்னும் அதிகத் தூசியை இழுக்கிறது.

இனி காற்றின் வழி. கேசிங்கில் காற்றை உள்ளே தள்ளும் ஃபேன்களும் வெளியே தள்ளும் ஃபேன்களும் உண்டு. வெளியே தள்ளுவது அதிகமானால் உள்ளே அழுத்தம் குறையும். அப்போது யூஎஸ்பி ஓட்டை, கார்டு செருகும் பின்பக்க ஸ்லாட், பக்கத் தகட்டின் விளிம்பு என்று கிடைத்த சந்திலெல்லாம் வடிகட்டாத காற்று உள்ளே ஏறும். உள்ளே தள்ளுவது அதிகமானால் அதே சந்துகள் வழியாகக் காற்று வெளியே போகும். தூசி அந்த வழியில் நுழையாது. நமக்கு வேண்டியது இந்த இரண்டாவது நிலை.

உங்கள் கணினி எந்த நிலையில் இருக்கிறது என்று அறிய எந்தக் கருவியும் வேண்டாம். வீட்டில் ஊதுபத்தி இருக்கிறதே. சீலிங் ஃபேனை நிறுத்துங்கள், ஜன்னலைச் சாத்துங்கள், கேசிங்கின் எல்லா மூடிகளும் மாட்டிய நிலையில் கணினியை ஓடவிட்டு, எரியும் ஊதுபத்தியைப் பின்பக்க ஸ்லாட்டுகளின் அருகே, இரண்டு விரல் இடைவெளியில், மெல்ல நகர்த்துங்கள். புகை உள்ளே வளைந்து போனால் அந்தச் சந்து தூசிக்கு வாசல். விலகி வெளியே தள்ளப்பட்டால் சரி. ஒவ்வொரு சந்தாகப் பாருங்கள். ஒருமுறை கேம் ஓடும்போதும் பாருங்கள். சாம்பல் உள்ளே விழாமல் மட்டும் கவனம். மெல்லிய டிஷ்யூ தாளைக் கீற்றாகக் கிழித்துத் தொங்கவிட்டும் பார்க்கலாம், ஆனால் புகை காட்டும் நுணுக்கம் அதில் வராது.

புகை உள்ளே போகிறது என்றால், முன்னால் இரண்டு, பின்னால் ஒன்று, மேலே இரண்டு என்ற அமைப்பாக இருக்க வாய்ப்புண்டு. கடையில் கட்டித் தரும் கணினிகளில் இது சகஜம். மேலே உள்ள இரண்டையும் கழற்றி ஒன்றை முன்பக்கம் மாட்டுங்கள். முன்னால் மூன்று, பின்னால் ஒன்று என்பது நம் வீடுகளுக்கு நல்ல கணக்கு. சம எண்ணிக்கை ஏன் போதாது என்றால், முன்பக்க ஃபேன் வலை வழியாக மூச்சிழுக்கிறது. வலை, அதிலும் அழுக்கான வலை, காற்றைக் குறைக்கும். மேலே காலியான ஓட்டைகள்மேல் காந்தத்தால் ஒட்டும் வலையை வையுங்கள்; கணினி அணைந்திருக்கும்போது தூசி உள்ளே கொட்டாமல் இருக்க அது உதவும். பின்னால் ஸ்லாட் மூடி ஏதாவது காணாமல் போயிருந்தால் கட்டாயம் மாட்டுங்கள். இது தூசிக்கு மட்டுமல்ல. பல்லிக்கும் சின்னக் கரப்பானுக்கும் கணினியின் கதகதப்பு பிடிக்கும். பவர் சப்ளைக்குள் பல்லி புகுந்து ஷார்ட் ஆன கதை சிங்கப்பூரில் அரிதல்ல.

ஃபேன் வேகத்தையும் பாருங்கள். வேகம் பாதியானால் உள்ளே வரும் காற்று ஏறக்குறைய பாதி. சுமந்து வரும் தூசியும் அந்த அளவு குறையும். பயாஸில் (கணினி தொடங்கும்போது திறக்கக்கூடிய அடிப்படை அமைப்புத் திரையில்) ஃபேன் கர்வ் என்று, சூட்டுக்கேற்ப ஃபேன் வேகத்தை மாற்றும் அமைப்பு உண்டு. பிராசசர் 60 டிகிரி தொடும்வரை கேசிங் ஃபேன்கள் மெதுவாகவே சுற்றட்டும் என்று வைத்துவிட்டால், வீட்டுப்பாடம், யூடியூப், மின்னஞ்சல் என்று ஓடும் நேரமெல்லாம் கணினி கொஞ்சமாகத்தான் மூச்சு வாங்கும். காசு செலவில்லாத வேலை இது, செய்பவர்கள்தான் குறைவு.

பவர் சப்ளை பெட்டியின் அடியில் இருந்தால், அது நேரே தரையிலிருந்து தனியாகக் காற்றிழுக்கும். அதற்கு அடியில் உருவக்கூடிய ஒரு வலை இருக்கும். பலர் வாங்கிய நாளிலிருந்து அதை உருவியதே இல்லை. இன்றே பாருங்கள்.

வலைகளைப் பற்றி. 120 மில்லிமீட்டர், 140 மில்லிமீட்டர் அளவில் காந்த விளிம்பு வைத்த நைலான் வலை சிம் லிம் ஸ்குவேர் கடைகளிலும் இணையத்திலும் சில வெள்ளிக்கு (சிங்கப்பூர் டாலருக்கு) கிடைக்கிறது. கேசிங் முன்பக்கம் பெரிய ஓட்டைகளாக இருந்தால் இது போதும். நைலான் ஸ்டாக்கிங்ஸை இழுத்துக் கட்டும் பழைய உத்தியும் வேலை செய்யும், ஆனால் அது காற்றை நன்றாகவே தடுக்கும். ஒரே ஓர் அடுக்குக்கு மேல் வேண்டாம், கட்டியபின் சூட்டைப் பாருங்கள். ஏர்கானுக்கு ஒட்டும் வெள்ளை ஃபில்டர் ஷீட்டையும், நுண்துகளையும் பிடிக்கும் ஹெப்பா ஃபில்டரையும் கேசிங்கில் வைப்பதை நான் பரிந்துரைப்பதில்லை. சின்னக் கேசிங் ஃபேனுக்கு அவற்றின் வழியே காற்றை இழுக்கும் வலு கிடையாது. காற்று குறைந்து சூடு ஏறும், ஃபேன் அலறும், சந்து வழியாகத் தூசி நுழையும்.

கணினி இருக்கும் இடமும் முக்கியம். தரையில் இருந்தால் நடமாட்டத்தில் புரளும் நூல் நேரே முன்பக்க ஃபேனுக்குப் போகும். ஒரு முழ உயரம் தூக்கி வைத்தாலே வித்தியாசம் தெரியும். மேசைமேல் வைத்தால் இன்னும் நல்லது. கட்டிலுக்குப் பக்கத்தில் வைக்காதீர்கள். என் அனுபவத்தில் மிக மோசமாக அடைந்துபோகும் கணினிகள் பெருஞ்சாலையோர வீட்டுக் கணினிகள் அல்ல, படுக்கையறையில் கட்டிலோடு ஒட்டி நிற்பவைதான். துணியைப் படுக்கைமேல் கொட்டி மடிக்கும் பழக்கம் இருந்தால் அந்த நேரம் கணினி அணைந்திருக்கட்டும். பூனை வளர்ப்பவர்களும் இப்போது கூடியிருக்கிறார்கள். 2024 செப்டம்பர் 1 முதல் வீவக வீடுகளில் பூனைக்கு அனுமதி உண்டு. பூனை முடி வலையில் அழகாகச் சிக்கும், ஆனால் வாரம் ஒருமுறை வலையைத் துடைக்கவேண்டியிருக்கும்.

திறந்த சமையலறை வைத்த புது வீடுகளில் கணினி வரவேற்பறையில் இருந்தால், தாளிக்கும்போதும் பொரிக்கும்போதும் எழும் எண்ணெய் ஆவி கணினியின் உள்ளே போய்ப் படிகிறது. அதன்மேல் விழும் தூசி ஒட்டிக்கொள்ளும். ஃபேன் இறக்கையைத் தொட்டால் விரலில் பழுப்பாகப் பிசுபிசுக்கும். இதற்குப் புளோவர் பயன்படாது. ஐசோபுரோபைல் ஆல்கஹாலைப் பஞ்சுக்குச்சியிலோ மென்மையான பிரஷ்ஷிலோ தொட்டுத் துடைக்கவேண்டும். சமையல் நேரத்தில் புகைபோக்கியைப் போடுவதும் அடுப்பங்கரை ஜன்னலைத் திறந்து வைப்பதும் கணினிக்குச் செய்யும் பெரிய உதவி.

சாம்பிராணியை நிறுத்தச் சொல்லி அம்மாவிடம் கேட்கவேண்டாம், அதற்கு அவசியமும் இல்லை. சாம்பிராணி காட்டும் நேரத்தில் கணினியை அணைத்து வையுங்கள். ஃபேன் சுற்றாவிட்டால் இழுப்பும் இல்லை. புகை கலைய ஜன்னலைத் திறந்து கால் மணி நேரம் விட்டு, பிறகு போடுங்கள். தூபக்கால் கேசிங்கின் முன்பக்கம் வராமல் இருந்தால் சரி. திருநீற்றுத் தட்டைக் கணினி மேசையில் வைக்கும் வீடுகளைப் பார்த்திருக்கிறேன். அந்த நுண்பொடி பறந்தால் எந்த வலையும் நிறுத்தாது, தட்டுக்கு வேறு இடம் பாருங்கள்.

வெளியிலிருந்து வருபவற்றில் நான் அதிகம் அஞ்சுவது பக்கத்து வீட்டு ரெனோவேஷனை. சுவர் இடிப்பது, டைல்ஸ் பெயர்ப்பது போன்ற சத்தமான வேலைகளை வீவக விதிப்படி வார நாள்களில் காலை 9 முதல் மாலை 5 வரைதான் செய்யலாம். சனி, ஞாயிறு, பொது விடுமுறையில் கூடாது. அந்த நேரம் தாழ்வாரப் பக்க ஜன்னல்களைச் சாத்திவிட்டு, கணினியை முடிந்தவரை மாலை 5 மணிக்குப் பிறகு பயன்படுத்துங்கள். சிமெண்ட் தூசி கனமானது, சீக்கிரம் படியும். ஈரத்துணியால் தரையைத் துடைத்தபின் கணினியைப் போடுவது நல்லது. உலர் துடைப்பத்தால் பெருக்கினால் படிந்தது மறுபடி எழும். சீன ஏழாம் மாதத்தில் கீழே காகிதம் எரிக்கும் மாலைகளிலும், கொசு மருந்துப் புகை அடிக்கும்போதும் இதே முறைதான்: ஜன்னலைச் சாத்து, கணினியை அணை.

புகைமூட்டத்தைப் பற்றிப் பலர் கவலைப்படுகிறார்கள். 2013 ஜூன் 21 அன்று காற்றுத் தூய்மைக்கேட்டுக் குறியீடு அபாய அளவான 401-ஐத் தொட்டது. 2015-இலும் 2019-இலும் மறுபடி மூட்டம் வந்தது. அந்தத் துகள் மிக நுண்ணியது, கேசிங் வலையில் நிற்காது. ஆனால் சில வாரப் புகைமூட்டத்தால் ஹீட்சிங்க் அடைபடாது. அப்போது ஜன்னலைச் சாத்தி, ஹெப்பா வைத்த காற்றுச் சுத்திகரிப்பானைப் போடுவது உங்கள் நுரையீரலுக்காக. கணினிக்குக் கிடைப்பது உபரி நன்மை.

ஈரப்பதம்தான் இங்கே தனியாகச் சொல்லவேண்டியது. சிங்கப்பூரில் சராசரி ஈரப்பதம் 80 விழுக்காட்டுக்கு மேல், விடியற்காலையில் 90-ஐத் தாண்டும். தூசி காய்ந்திருக்கும்வரை மதர்போர்டுக்குப் பெரிதாக ஒன்றும் செய்யாது. ஈரத்தை உறிஞ்சினால் மின்கசிவுக்கும் துருவுக்கும் இடம் கொடுக்கும். மரீன் பரேட், பாசிர் ரிஸ் போலக் கடலோரமாக இருந்தால் தூசியில் உப்பும் கலந்திருக்கும். உப்பு ஏறக்குறைய 75 விழுக்காடு ஈரப்பதத்திலேயே ஈரத்தை உறிஞ்சிக் கரைந்துவிடும். ஓடும் கணினியின் உட்பகுதி சூடாக இருப்பதால் ஈரம் தங்காது. ஆகவே தினம் பயன்படும் கணினியைவிட, மாதக்கணக்கில் மூலையில் தூசியோடு கிடக்கும் கணினிக்குத்தான் ஆபத்து அதிகம்.

ஏர்கான் போட்டுத் தூங்குபவர்கள் இன்னொன்றைக் கவனிக்கவேண்டும். இரவெல்லாம் 22 டிகிரியில் குளிர்ந்த அறையின் ஜன்னலை விடிந்ததும் திறந்தால், வெளியிலுள்ள ஈரக்காற்று குளிர்ந்த உலோகத்தில் பனிபோலப் படியலாம். அந்தக் காலை கணினியை உடனே போடாமல் அரைமணி நேரம் விடுங்கள்.

சுத்தம் செய்யும்போது பிளக்கைச் சுவரிலிருந்து உருவிவிட்டு, பவர் பட்டனைச் சில விநாடி அழுத்திப் பிடியுங்கள், மிச்ச மின்சாரம் வடியும். தாழ்வாரத்தில் வைத்துக் காற்றடித்தால் தூசி அடுத்த வீட்டு வாசலுக்குப் போகும். துணி காயப்போடும் பின்கட்டில் துணியை எடுத்துவிட்டு, ஜன்னலைத் திறந்து, மாஸ்க் போட்டுக்கொண்டு செய்யுங்கள். காற்றடிக்கும்போது ஃபேன் இறக்கையை விரலால் பிடித்துக்கொள்ளவேண்டும். அது விர்ரென்று சுற்றினால் பேரிங் கெடும், போர்டுக்குள் மின்சாரம் திரும்பிப் போகவும் கூடும். காற்று அடைத்த கேனை நிமிர்த்தியே பிடியுங்கள். சாய்த்தால் உறைபனிபோல் திரவம் பீய்ச்சும். அடிக்கடி செய்பவர் என்றால் கேனுக்குச் செலவழிப்பதைவிட ஒரு மின் புளோவர் வாங்கிக்கொள்வது மலிவு. வேக்குவம் குழாயின் பிளாஸ்டிக் முனை நிலைமின்சாரம் உண்டாக்கும், அதைப் போர்டில் படவிடாதீர்கள். பிரஷ்ஷால் கிளப்பிவிட்டுத் தள்ளிப் பிடித்து உறிஞ்சலாம். பவர் சப்ளையை எக்காரணம் கொண்டும் பிரிக்காதீர்கள். பிளக் உருவிய பிறகும் அதற்குள் உயிர்போகும் அளவு மின்சாரம் தேங்கியிருக்கக்கூடும். வெளியிலிருந்து காற்றடித்தால் போதும். கிராபிக்ஸ் கார்டின் கூலரையும் வாரண்டி இருக்கும்வரை கழற்றவேண்டாம்.

கழுவிய வலையை ஈரத்தோடு மாட்டக்கூடாது. உதறி, ஃபேன் காற்றில் ஓர் இரவு முழுக்கக் காயவிடுங்கள். மழை நாளில் அதற்கும் மேல் ஆகும். இரண்டு செட் வலை வாங்கி வைத்துக்கொண்டால் ஒன்று காயும்போது மற்றது வேலை செய்யும்.

எத்தனை நாளுக்கு ஒருமுறை என்று காலண்டரைப் பார்க்காதீர்கள், சூட்டைப் பாருங்கள். நன்றாகச் சுத்தம் செய்த அன்று ஒரே கேமை இருபது நிமிடம் ஓட்டி, பிராசசர், கிராபிக்ஸ் கார்டு சூட்டையும் அறைச் சூட்டையும் குறித்து வையுங்கள். எச்டபிள்யூஇன்ஃபோ (HWiNFO) போன்ற இலவச மென்பொருள் காட்டும். அதே அறைச் சூட்டில், அதே கேமில், எண் எட்டுப் பத்து டிகிரி ஏறினால் முதலில் வலையைக் கழுவுங்கள். அப்படியும் இறங்காவிட்டால்தான் பெட்டியைத் திறக்கவேண்டும். இப்போதைய பிராசசர்கள் பல 95, 100 டிகிரியில் தாமாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். கணினி காரணமில்லாமல் மந்தமாவது அதனால்கூட இருக்கலாம்.

கேம் ஆடாத, கடிதமும் கணக்கும் பார்க்கும் வீடு என்றால் அடுத்த முறை ஃபேனே இல்லாத மினி கணினியை வாங்கலாம். அதன் உடலே ஹீட்சிங்க். உள்ளே காற்றும் போகாது, தூசியும் போகாது. மேலே துடைத்தால் சரி. கிராபிக்ஸ் கார்டு வேண்டியவர்களுக்கு இது ஒத்துவராது.

இனி உங்கள் வீட்டு விஷயத்துக்கு வருகிறேன். இந்த வாரம் கூலர் ஃபேனைக் கழற்றி அந்தப் படலம் இருக்கிறதா பாருங்கள், இருந்தால் உரித்தெடுங்கள். பிறகு ஊதுபத்திச் சோதனை, ஃபேன் இடமாற்றம், முன்பக்கம் வலை, கர்வ். கணினியைத் தரையிலிருந்து தூக்குங்கள். இவ்வளவுக்கும் ஐம்பது வெள்ளிகூட ஆகாது. புதிய கேசிங் வாங்குவது பற்றி அதற்குப் பிறகு யோசிக்கலாம். டிசம்பர் விடுமுறைக்கு ஊருக்குப் போவதாக இருந்தால், கிளம்பும் முன் உள்ளே சுத்தம் செய்து, பிளக்கை உருவி, பருத்தித் துணியால் மூடிவிட்டுப் போங்கள். பிளாஸ்டிக் உறை ஈரத்தைச் சிறைவைக்கும். திரும்பி வந்ததும் துணியை எடுத்து, பவர் சப்ளையின் பின்வலையை டார்ச் அடித்துப் பார்த்து, பல்லி, பூச்சி எதுவும் குடியேறவில்லை என்று உறுதியானபின் பிளக்கை மாட்டுங்கள்.